மாரிக்கு முதல் கூரை மாற்றுறவைக்கு: கேள்வி பதில்

வன்னியில் வீட்டுத்திட்ட வேலைகளைக் கனகாலம் மேற்பார்த்தவன் நான். கூரை பற்றி வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில் சொல்லுறன்.

கிளிநொச்சித் தங்கச்சி ஒருவர்: 2013இல் கட்டின வீடு. முகட்டால ஒழுகுது. கூரை ஓடு முழுவதையும் மாற்ற வேணுமெண்டு மேசன் சொல்லுறார்.

அவசரப்படாதேங்கோ தங்கச்சி. சுட்ட ஓடு லேசில் பழுதாகாது. முகட்டோட்டுச் சாந்து வெடிச்சிருக்கும், இல்லாட்டி குரங்கு பாய்ஞ்சு ஓடு விலகியிருக்கும். பகலில் கதவு யன்னலைச் சாத்திப்போட்டு மேலே பாருங்கோ. வெளிச்சம் வாற இடத்தால தண்ணியும் வரும். ஆனால் சொட்டுற இடத்துக்கு நேர் மேலேதான் பழுது எண்டில்லை, தண்ணி ரீப்பை (ஓடு தாங்குற குறுக்குச் சட்டம்) வழியே ஓடி வந்தும் விழும். பிறகு ஈரம்பட்ட சிலாகையை (ரீப்பையைத் தாங்குற சாய்வு மரம்) ஆணியால குத்திப் பாருங்கோ. ஆணி சும்மா இறங்கினால் அந்த மரம் உளுத்துப் போச்சு. அப்பதான் ஓட்டை இறக்க வேணும். இறக்கினாலும் நல்ல ஓட்டை அடுக்கி வைச்சுத் திரும்பப் போடலாம். பனஞ்சிலாகை வாங்கினால் வெட்டுமுகத்தில் கறுத்த வைரம் தடிப்பாய்த் தெரிய வேணும். சோத்தி, அதாவது உள்ளுக்க இருக்கிற மெதுவான பகுதி, கூடின மரத்தைச் சும்மா தந்தாலும் வாங்காதேங்கோ.

முள்ளியவளைத் தம்பி ஒருவர்: வேலைக்காரர் பாதிக் காசை முற்பணமாய்க் கேட்கிறார். குடுக்கலாமோ?

வேண்டாம் தம்பி. என்ர வீட்டுக்கு வந்தவரிட்ட முக்கால்வாசியை முதலே குடுத்தன். ஓட்டை இறக்கிப்போட்டு வேற வேலைக்குப் போட்டார். மூன்று கிழமை தறப்பாளுக்குக் கீழே இருந்தம். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் மாரி கழித்த சனம் நாங்கள், சொந்த வீட்டிலும் அப்பிடி இருக்கேக்க மனம் விட்டுப்போச்சு. இந்திய அரசின்ர உதவியில வந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாயையும் ஒரே தரத்தில் தரேல்லை. வேலை ஏற ஏறத்தான் காசு வந்தது. நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ. சாமான் நீங்களே வாங்கிக் குடுங்கோ. சிலாகையும் ரீப்பையும் அடிச்சு முடிய ஒரு பங்கு, ஓடு போட்டு முடிய ஒரு பங்கு, முதல் மழை பார்த்த பிறகு மிச்சம். ஓடு ஏறினால் ஆணி, மரம் ஒண்டும் வடிவாய்த் தெரியாது. அதனால் மூடமுதல் ஏணியில் ஏறி உங்கட கண்ணால பாருங்கோ. ஒரு பக்கம் முடிச்ச பிறகுதான் மற்றப் பக்கத்தை இறக்க வேணும் எண்டதையும் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. பழைய மரம் ஆருக்கு எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ, சண்டை வாறது அதிலதான்.

மாங்குளம் அக்கா ஒருவர்: பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கழற்றுறம். சின்னப்பிள்ளையள் இருக்கினம்.

அண்டைக்குப் பிள்ளையளை வேற வீட்டில விடுங்கோ அக்கா. அதின்ர தூசு நுரையீரலில் புற்றுநோய் கொண்டுவரும். சீற்றை நனைச்சு, உடைக்காமல் முழுசாய் இறக்க வேணும். வாள் போடக்கூடாது, காய்ஞ்ச தூசைக் கூட்டக்கூடாது. உடைஞ்ச துண்டை ஒழுங்கைப் பள்ளத்துக்குக் கொட்டுற பழக்கத்தையும் விடுங்கோ.

கனடா பிரம்டனில் இருந்து தம்பி ஒருவர்: இங்க பனிக்காலத்தில் தாழ்வாரத்தால வீட்டுக்குள்ள தண்ணி வருது. கூரை மாற்றினால் சரியோ?

என்ர மகன்ர வீட்டிலும் இதுதான் நடந்தது. வீட்டுச் சூடு மேலே கசிஞ்சு பனியை உருக்கும். அந்தத் தண்ணி குளிர்ந்த தாழ்வாரத்தில் திரும்ப உறைஞ்சு அணை மாதிரி நிற்கும். பின்னால தேங்குற தண்ணி ஷிங்கிள் எண்ட கூரைத் தகட்டுக்கு அடியால உள்ள வரும். ஷிங்கிளை மட்டும் மாற்றினால் அடுத்த வருசமும் வரும். பரணில் இன்சுலேசனையும் (சூடு கசியாமல் தடுக்கிற காப்பு) காற்றோட்டத்தையும் முதலில் சரிபாருங்கோ. தாழ்வார விளிம்பில் இருந்து மேல்நோக்கி, வெளிச்சுவரின்ர உட்பக்கத்தையும் தாண்டித் தண்ணித்தடுப்புப் படலம் போடச் சொல்லுங்கோ. வாற கொம்பனியிட்ட காப்புறுதியும் தொழிலாளர் காப்புறுதிச் சான்றும் கேளுங்கோ. ஆரும் மேலே இருந்து விழுந்தால் பொறுப்பு உங்கட தலையில வரலாம்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒருவர்: எப்ப தொடங்கலாம்?

ஆவணிக்குள்ள. ஐப்பசி பிறந்தால் நல்ல மேசன்மார் ஒருத்தரும் அம்பிடமாட்டினம்.