ஆற்றில் நஞ்சு, தட்டில் மீன்: பாதரசம் பற்றிய வாசகர் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிராஸி நாரோஸ் என்ற அனிஷினாபே பூர்வகுடிகளின் ஊர் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் இருந்த காகித ஆலை கொட்டிய பாதரசம், மீன் வழியாக இந்த மக்களின் உடலில் சேர்ந்தது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆலை பாதரசத்தைக் கொட்டியது 1960களில். ஓடுகிற ஆறுதானே, இந்நேரம் அடித்துக்கொண்டு போயிருக்காதா?

போகவில்லை. டிரைடன் நகரின் காகித ஆலைக்குக் கூழை வெளுக்கக் குளோரின் வேண்டியிருந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த முறையில் எதிர்மின்வாயாக இருந்தது பாதரசம். 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசம் கழிவோடு வாபிகூன் ஆற்றில் இறங்கியது. அது மண்துகளோடு ஒட்டி அடிச்சேற்றில் படிந்துவிட்டது. வெள்ளம் கரையை அரிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்கிறது.

பிராணவாயு இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உடலுக்குள் எளிதில் புகுந்து தங்குவது இந்த வடிவம்தான். பூச்சியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைப் பெருமீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். நீரைச் சோதித்தால் மிகச் சொற்பமாகத் தெரியும் நஞ்சு, வயதான பெரிய மீனின் சதையில் பல லட்சம் மடங்காக இருக்கும்.

இது பழைய கதை மட்டுமல்ல. ஆலை இன்றும் வெளியேற்றும் கழிவுநீரில் உள்ள சல்ஃபேட், அந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டியதைக் கொடுத்து மெத்தில் பாதரசம் உருவாவதைக் கூட்டுகிறது என்று வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு 2024இல் சொன்னது.

ஸ்கார்பரோவில் இருக்கிறம். கோடையில் ஏரியில் பிக்கரல் மீன் பிடிப்பம். தோலை உரிச்சு, புளி விட்டு நல்லாக் கொதிக்க வைச்சால் பாதரசம் போயிடும்தானே?

போகாது. மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கொதித்தாலும் பொரித்தாலும் அப்படியே இருக்கும். தோலையும் கொழுப்பையும் நீக்குவது பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற, கொழுப்பில் சேரும் நஞ்சுகளுக்குத்தான் உதவும்.

ஒன்டாரியோ அரசு மீன் உண்பதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிடுகிறது. எந்த ஏரி, எந்த மீன், எவ்வளவு நீளம் என்று பார்த்து மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனி அளவு உண்டு. தூண்டிலைப் போடும் முன் அதைப் பாருங்கள். பெரிய மீன் கிடைத்தால் படம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விடுங்கள். சின்னதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஆபத்து என்று தெரிந்த பிறகாவது கிராஸி நாரோஸ் மக்கள் மீனை விட்டிருக்கலாமே?

பலர் இதைக் கேட்கிறீர்கள். எனக்கு வருத்தம் தரும் கேள்வி. மீன் அவர்களுக்குக் கறி மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான். ஆண்கள் பலர் சுற்றுலா விடுதிகளில் மீன்பிடி வழிகாட்டிகள். வந்தவர்களோடு கரையில் அடுப்பு மூட்டி, பிடித்த மீனைப் பொரித்து மதியம் சாப்பிடுவது அந்த வேலையின் பகுதி. 1970இல் வணிக மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. பலருக்கு ஒரே பருவத்தில் வருமானம் போயிற்று. கையில் காசு இல்லாதபோது வீட்டுக்கு உணவு தரக்கூடியது மறுபடியும் அந்த ஆறுதான். கடையில் விற்பதோ தொலைவிலிருந்து வரும் விலை கூடிய பொருள். பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப்போய்த் தொழில் பழக்குவதும் நின்றால், ஒரு தலைமுறையின் அறிவு அறுந்துபோகும். எச்சரிக்கைப் பலகை நடுவது அரசுக்கு எளிது. அதன் முழுச் செலவையும் சுமப்பது, கழிவைக் கொட்டாதவர்கள்.

இரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. மெத்தில் பாதரசம் இரத்தத்தில் சுமார் 50 முதல் 70 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். நரம்புக்கும் மூளைக்கும் நேர்ந்த சேதம் திரும்பாது. கை கால் மரத்துப்போதல், நடுக்கம், தள்ளாட்டம், பக்கப் பார்வை குறுகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசம் சேர்ந்த மீனைத் தின்று நோயுற்றவர்களை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் மசாசுமி ஹராடா 1975இல் கிராஸி நாரோஸ் வந்து இதே அறிகுறிகளைக் கண்டார். தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்வதால், முடியை அளந்தால் சில மாத வரலாறு கிடைக்கும். 1970 முதல் 1997 வரை எடுத்த அளவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, நீண்டகாலம் கூடுதல் பாதரசம் சேர்ந்தவர்கள் 60 வயதுக்குள் இறப்பது அதிகம் என்று காட்டியது.

ஆலையே இல்லாத இடத்து மீனிலும் பாதரசம் உண்டாமே?

உண்டு. கியூபெக்கில் லா கிராண்ட் ஆற்றில் அணை கட்டியபோது காட்டு மண் மூழ்கியது. மண்ணில் ஏற்கெனவே இருந்த பாதரசத்தை, மட்கும் தாவரங்களில் பெருகிய பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசமாக்கின. அங்குள்ள க்ரீ பூர்வகுடி மக்களின் மீன் கெட்டது. அமேசானில் யானோமாமி, முண்டுருக்கு பூர்வகுடி மக்களுக்கோ, தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள்தான் காரணம்.

கிராஸி நாரோஸுக்கு இழப்பீடு கிடைத்ததா?

1985இல் ஓர் உடன்பாடு வந்தது; அதன்படி அமைந்த ஊனமுற்றோர் உதவி வாரியத்திடம் விண்ணப்பித்தவர்களில் நிறையப் பேர் நிராகரிக்கப்பட்டார்கள். ஆற்றைத் துப்புரவாக்க 8.5 கோடி டாலர் தருவதாக ஒன்டாரியோ 2017இல் அறிவித்தது. 2024இல் அந்த மக்கள் மாகாண அரசு மீதும் கனடா அரசு மீதும் வழக்கு தொடுத்தார்கள். பணத்தைவிட அவர்கள் முதலில் கேட்டுவருவது, சேற்றிலிருந்து பாதரசத்தை எடுப்பதைத்தான்.