கேள்வி பதில்: கணக்கு சரி, கேட்பதுதான் சங்கடம்

கேள்வி: செலவைப் பகிர்ந்துகொள்ள உதவும் செயலி ஒன்றை வடிவமைக்கும் சிறிய குழுவில் பணியாற்றுகிறேன். சுற்றுலா செல்லும்போதும் புதிதாக அறை எடுக்கும்போதும் ஆர்வத்துடன் பதிவிறக்குகிறவர்கள், சில வாரங்களில் செலவுகளை எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். புள்ளிகளும் பதக்கங்களும் கொடுத்தால் நிலைத்திருப்பார்கள் என்று குழுத் தலைவர் கருதுகிறார். பயனாளரின் உளவியல் தேவைகளிலிருந்து தொடங்கி மறுவடிவமைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பதக்கங்களை முதலில் கைவிடுங்கள். தண்ணீர் கேனுக்குக் கொடுத்த காசை எழுதியதற்காக ஒருவருக்குப் பதக்கம் சூட்டினால், அவர் அற்பத் தொகைக்கும் கணக்குப் பார்ப்பவர் என்று அறை முழுவதற்கும் அறிவித்ததாகவே ஆகும்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனிதரின் அடிப்படை உளவியல் தேவைகளாக மூன்றைக் குறிப்பிடுகிறார்கள்: தன் செயலைத் தானே தீர்மானிப்பது, எடுத்த காரியத்தைத் திறம்படச் செய்ய முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருப்பது. 2011-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்பிளிட்வைஸ் உள்ளிட்ட செலவுப் பகிர்வுச் செயலிகள் இரண்டாவது தேவையை நன்றாகவே நிறைவேற்றுகின்றன. எழுதிவைத்த கணக்கு அவசியம் என்பதில் ஐயமில்லை. சேர்ந்து வாழ்பவர்களில் ஒவ்வொருவருக்கும் தாம் செய்ததே அதிகம் நினைவிருக்கும் என்பதை மைக்கேல் ராஸும் ஃபியோரி சிகோலியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கணவன், மனைவி இருவரிடமும் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டுக் கூட்டினால், அது முழுமையைத் தாண்டிவிடுகிறது.

மூன்றாவது தேவையில்தான் இச்செயலிகள் தடுமாறுகின்றன. அதே 1979-இல் மார்கரெட் கிளார்க்கும் ஜட்சன் மில்ஸும் வெளியிட்ட ஆய்வின்படி, நெருக்கமான உறவை எதிர்பார்க்கும் இடத்தில் செய்த உதவிக்கு உடனே ஈடு செய்துவிட்டால் ஈடு செய்தவர் மீதான விருப்பம் குறைகிறது. வெறும் கொடுக்கல் வாங்கல் உறவில் அதே செயல் விருப்பத்தைக் கூட்டுகிறது. அறைத்தோழர்கள் இரண்டு வகை உறவிலும் ஒரே நேரத்தில் இருப்பவர்கள். வாடகையும் கேஸ் சிலிண்டரும் கொடுக்கல் வாங்கல். காய்ச்சலாகக் கிடந்த இரவில் ஓடிப்போய் வாங்கி வந்த மாத்திரை அப்படியல்ல. உங்கள் செயலி இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதினால், மாத்திரை வாங்கியவருக்கும் கூச்சம், சாப்பிட்டவருக்கும் கூச்சம். ஆகவே 'பங்கிடு' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில், அதே அளவில், 'இது என் செலவு' என்ற பொத்தானும் இருக்கட்டும். முகப்புத் திரையில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை வண்ணமிட்டுக் காட்டாமல், இம்மாதத்துப் பொதுச் செலவையும் கணக்குத் தீர்க்கும் நாளையும் காட்டுங்கள்; பாக்கி விவரம் தேடிச் செல்பவருக்கு உள்ளே கிடைத்தால் போதும்.

இதைவிட முக்கியமானது நினைவூட்டல். பணம் கொடுத்தவரே பொத்தானை அழுத்தி நினைவூட்ட வேண்டும் என்று வைத்தால், அனுப்புவது செயலியாக இருந்தாலும் கேட்பது அவர்தான் என்பது பெறுபவருக்குத் தெரியும். நம் ஊரில் மொய் நோட்டில் எழுதிய தொகையை யாரும் வாசலில் வந்து நின்று கேட்பதில்லை. திருப்பிச் செய்ய வேண்டிய நாளை நமக்குச் செய்தவர் வீட்டு விசேஷமே தீர்மானிக்கிறது. அதுபோல, குழு உருவாகும்போதே கணக்குத் தீர்க்கும் தேதியை எல்லோரும் சேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். அன்று செயலி தானாகவே, பாக்கி இல்லாதவர் உட்பட அனைவருக்கும், ஒரே செய்தியை அனுப்ப வேண்டும். தனிநபர் ஒருவர் இன்னொருவரின் கட்டணச் செயலிக்கே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியும், மோசடிகளைத் தடுப்பதற்காக, 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐ முறையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே, தர வேண்டியவர் தாமாகச் செலுத்தும் வழியை எளிதாக்குவதில்தான் உங்கள் உழைப்பு செல்ல வேண்டும்.

தன் விருப்பம் என்ற முதல் தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். நீங்கள் உங்கள் தோழிக்கும், அவர் தம் அலுவலக நண்பருக்கும் 500 ரூபாய் தர வேண்டியிருந்தால், 'கடன் சுருக்கம்' என்ற வசதி தோழியை விலக்கிவிட்டு, அந்த நண்பருக்கே நேராக அனுப்பச் சொல்லும். கணிதம் சரிதான், ஆனால் அதிகம் பழகாத ஒருவருக்கு நீங்கள் கடனாளி ஆகிவிட்டீர்கள். சம்பந்தப்பட்ட மூவரும் சம்மதித்த பிறகே அது செயல்பட வேண்டும்.

கேள்வி: நான் சைவம், சம்பளமும் தோழிகளைவிடக் குறைவு. ஹோட்டல் பில்லைச் சமமாகப் பங்கிடும்போது ஒவ்வொரு முறையும் மனம் சுருங்குகிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இதற்குச் செயலியால் ஏதாவது செய்ய முடியுமா?
(வாசகி, சென்னை)

பதில்: முடியும். உங்கள் தயக்கம் தனிப்பட்டதும் அல்ல. யூரி க்னீஸியும் இரு சக ஆய்வாளர்களும் இஸ்ரேலில் ஆறு ஆறு பேராக உணவகத்துக்கு அனுப்பிச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் செலுத்தியபோது ஒருவர் சராசரியாகச் சுமார் 37 ஷெக்கலுக்கும் (இஸ்ரேல் நாணயம்), சமமாகப் பங்கிட்டபோது சுமார் 51 ஷெக்கலுக்கும் சாப்பிட்டார். எந்த முறை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் தனித்தனியே செலுத்துவதைத்தான் விரும்பினார்கள். ஆனால் மேசையில் அதை முதலில் சொல்பவர் கஞ்சர் என்று பெயர் வாங்குவார்.

அந்த முதல் வார்த்தையைச் செயலியே சொல்லிவிடலாம். 'சமமாக' என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்காமல், 'அவரவர் சாப்பிட்டது' என்பதையும் அதே வரிசையில் வைத்து, ஒவ்வொருவரும் தம் விருப்பத்தை மற்றவர் அறியாமல் குறிக்கச் செய்து, ஒருவர் கேட்டாலும் யார் என்று காட்டாமல் அதையே நடைமுறையாக்கலாம். அதுவரை, சாப்பிடச் செல்வதற்கு முன்பே குழுவில் 'இன்று அவரவர் பில்' என்று பொதுவாக எழுதிவிடுவது, பில் வந்தபின் சொல்வதைவிட எளிது.

கேள்வி: தாமதமாகத் தருகிறவர்களுக்குச் செயலி சிறு அபராதம் விதித்தால் என்ன?
(வாசகர், மதுரை)

பதில்: வேண்டாம். குழந்தைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இஸ்ரேலின் ஹைஃபா நகரக் காப்பகங்கள் சிலவற்றில் அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் கூடியது, அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. காசு கொடுத்தால் தாமதிக்கலாம் என்று ஆனபின் கூச்சம் போய்விடுகிறது. தாமதிப்பவரில் பலர் கையில் பணமில்லாமல், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மௌனமாக இருப்பவர்கள். 'அடுத்த மாதம் தருகிறேன்' என்று ஒரே தொடுதலில் தெரிவிக்கவும், அச்செய்தி பணம் பெற வேண்டியவருக்கு மட்டுமே சென்று சேரவும் வழி செய்யுங்கள்.