நோய் எதுவும் இல்லாதவருக்கும் இதயம் சில நாள் அடிக்கடி ‘தவறி’த் துடிப்பது ஏன்?

ஒரு துடிப்பு விட்டுப்போனதாகத் தோன்றுகிறதே தவிர, உண்மையில் ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. இதயம் நிறையும் முன்பே வருவதால் அந்தத் துடிப்பு நமக்குத் தெரிவதில்லை. அடுத்து ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் ரத்தம் கூடுதலாக நிறைந்து, அடுத்த துடிப்பு நெஞ்சில் ‘தடக்’ என்று இடிக்கும். இதயத் துடிப்பை 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டினால் ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் இது பதிவாகும்.

வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். அப்புறம் தூக்கம் கெட்ட இரவு, மது, காய்ச்சல், பதற்றம். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தாலும், ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் மருந்தை இன்ஹேலரில் இழுத்தாலும் கூடலாம்.

சரி, காபி? இதுதான் சுவாரசியம். 2023-ல் வெளியான சான்பிரான்சிஸ்கோ ஆய்வில் 100 பேரைக் கண்காணித்தார்கள். காபி நாளில் இதயத்தின் மேலறையிலிருந்து முந்தி வரும் துடிப்புகள் பெரிதாகக் கூடவில்லை; கீழறையிலிருந்து வருபவை மட்டும் நாளுக்குச் சராசரியாக 102-லிருந்து 154 ஆயின. தூக்கமும் அரைமணிக்கு மேல் குறைந்தது. என்னைக் கேட்டால், காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் நிம்மதியாகக் குடியுங்கள்.

மயக்கம் வந்தாலோ, ஓடும்போது கூடினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ ஈசிஜி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.