முசுறும் மிர்மெக்ஸும்

கேள்வி: கிரேக்க மொழியில் எறும்புக்கு 'மிர்மெக்ஸ்' என்று பேராமே. எங்கள் தோட்டத்து மாமரத்தில் ஏறினால் பிடுங்கி எடுக்கிற முசுறும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்கிறது. இங்கிருந்து போன சொல்தானுங்களா?
- வாசகர், சென்னிமலை

பதில்: இல்லைங்க. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிறதே கொடுமணல், அங்கே அந்தக் காலத்தில் கல்லைப் பட்டை தீட்டி மணி கோத்து வெளியூருக்கு அனுப்பினார்கள், பச்சைக்கல் படியூர்ப் பக்கம் கிடைத்தது. அப்படி விலைக்குப் போகிற சரக்கு தன் பெயரையும் கூடவே கொண்டுபோகும். அந்த வகைக் கல்லைக் கிரேக்கர் 'பேரில்லோஸ்' என்றார்கள், அது பிராகிருதத்தின் 'வேருலிய'விலிருந்து போன சொல். இஞ்சிக்கு அவர்கள் சொன்ன 'சிங்கிபெரிஸ்' கூட இந்தியாவிலிருந்து போனதுதான். ஆனால் எறும்பை யார் மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள்? அது எல்லா ஊரிலும் வாசல்படியிலேயே ஊர்கிறது.

மிர்மெக்ஸுக்கு உண்மையான சொந்தங்கள் லத்தீனின் 'ஃபார்மிகா', சமஸ்கிருதத்தின் 'வம்ர'. முதலெழுத்து ம, ஃப, வ என்று மாறிக் கிடந்தாலும் மூன்றும் ஒரே பழைய மூலத்திலிருந்து பிரிந்தவை என்கிறார்கள் மொழியியலாளர்கள். சாயத் தொழிலில் பயன்படுகிற ஃபார்மிக் அமிலத்தின் பெயரும் இந்த ஃபார்மிகாவிலிருந்து வந்ததுதான். முசுறு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் அதே அமிலம். சொல்லில் இல்லாத உறவு எரிச்சலில் இருக்கிறது!

எலிக்குக் கிரேக்கர் சொன்னது 'மூஸ்'. பிள்ளையாருக்கு வாகனமான மூஷிகத்துக்கு இது நேரடி உறவு. தசைக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான், தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாமும் காலில் திரண்டிருப்பதைக் கெண்டை என்கிறோம், ஆற்று மீனும் கெண்டை. அவர்கள் எலியைப் பார்த்த இடத்தில் நாம் மீனைப் பார்த்திருக்கிறோம், எனக்கு இது மிகவும் பிடித்த ஒற்றுமை.

அப்புறம் வண்ணத்துப்பூச்சி. அதற்கும் உயிருக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல், 'சைக்கி'. அரிஸ்டாட்டில் முட்டைக்கோஸ் வகைச் செடியின் இலையில் வளரும் புழுவிலிருந்து அது வருகிறது என்று வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார். நடுவில் அசையாமல் கிடக்கும் கூட்டுக்கு 'கிரிசல்லிஸ்' என்று பெயர், 'கிரிசோஸ்' என்றால் பொன். வீட்டு ஓரத்து அரளிச் செடியில் இலைக்கு அடியில் உலோகம்போல மினுங்கிக்கொண்டு ஒரு கூடு தொங்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒன்றைப் பார்த்தவர்தான் இந்தப் பெயரை வைத்திருக்க முடியும்.

கேள்வி: சரி, பூச்சி என்று பொதுவாகச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் உண்டா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உண்டு, 'என்டோமா'. வெட்டுப்பட்டவை என்று பொருள், உடம்பு துண்டு துண்டாகப் பகுத்ததுபோல இருப்பதால். லத்தீன்காரர்கள் அதை அப்படியே பெயர்த்து 'இன்செக்டம்' ஆக்கினார்கள், ஆங்கிலத்தின் இன்செக்ட் அதிலிருந்து வந்தது. நம் தொல்காப்பியம் உடம்பின் வெட்டைப் பார்க்கவில்லை, புலனை எண்ணியது: கரையானுக்கும் எறும்புக்கும் மூன்று அறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு.