கல்லீரல் ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் வழியா?

அன்புள்ள அம்மா,

காசநோய் மாத்திரையால் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து, “யாருக்குக் கல்லீரல் கெடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?” என்று உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீட் கைகொடுக்கவில்லையே, இனி என்ன செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவள் கேட்பது இன்றும் முழு விடை கிடைக்காத கேள்வி. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் கல்லீரல் தேறிவிடும். ஆனால், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்க அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ஆய்வு வலையமைப்பில் பதிவானவர்களுள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, ஆறு மாதம் கடந்தும் பாதிப்பு நீடித்தது. அந்த ஒருவர் யார் என்பதுதான் சிக்கல். ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை உடல் மெதுவாகச் சிதைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அதற்கு ‘நாட்-2’ என்ற மரபணு காரணம். மருந்தால் கல்லீரல் கெட்டவரின் ரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேலும், காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறினால், ஏறக்குறைய பத்தில் ஒருவரின் உயிருக்கே ஆபத்து. ஹைமன் சிம்மர்மன் என்ற மருத்துவரின் கவனிப்பிலிருந்து பிறந்த விதி இது. தீவிரத்தைக் கணிக்க இது உதவுகிறது. நீடித்த பாதிப்பைக் கணிக்க இது மட்டும் போதாது.

இதில் மருத்துவர் மட்டும் வேலை செய்வதில்லை. நோயாளியின் மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி, எதை எந்தத் தேதியில் தொடங்கினார், எப்போது நிறுத்தினார் என்று வரிசைப்படுத்த ஒருவர் வேண்டும். “நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?” என்று பக்குவமாகக் கேட்க வேண்டும், பலர் அதை மறைத்துவிடுவார்கள். இந்த விவரம் பிசகினால் எந்தக் கணிப்பும் பிசகும்.

ஆகவே ஃபார்ம்.டி. (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) என்ற மருந்தியல் படிப்பைப் படிக்கட்டும் என்பேன். ஆறு ஆண்டுப் படிப்பு. கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ படித்திருந்தால் சேரலாம். பெயருக்கு முன் ‘டாக்டர்’ வரும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். தனியே சிகிச்சை அளிக்கும் உரிமை அதில் கிடையாது. தொடக்கச் சம்பளமும் பல இடங்களில் குறைவுதான். கூடவே புள்ளியியலை விடாமல் கற்கச் சொல்லுங்கள். யாருக்குப் பாதிப்பு வரும் என்று கணிக்கும் கணக்கு மாதிரியை உருவாக்குகிறவர்களுக்கு அதுதான் கைக்கருவி. கணக்கில் பிரியம் அதிகமென்றால், பி.எஸ்சி. புள்ளியியல் முடித்து உயிர்ப்புள்ளியியலில் முதுகலை சேர்வதும் நல்ல வழி.

விருப்பமில்லாத பிள்ளையை மீண்டும் ஓர் ஆண்டு நீட் பயிற்சியில் உட்கார வைக்காதீர்கள். அவளுக்குக் கேள்வி கிடைத்துவிட்டது. பல மாணவர்களுக்கு அது பட்டம் வாங்கிய பிறகும் கிடைப்பதில்லை.

கட்டணம் கட்டுமுன் கல்லூரியில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: மாணவர்கள் தினமும் வார்டுக்குப் போகிறார்களா? இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் பக்கவிளைவுப் பதிவு மையம் அவர்களுடைய மருத்துவமனையில் இருக்கிறதா?