5,000 ரூபாய்க்குள் அசல் ஓவியமா? கேன்வாஸை விட்டுவிட்டுக் காகிதத்தில் தேடுங்கள்

கேள்வி இதுதான்: சென்னையில் புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள், ஹாலில் மாட்ட 5,000 ரூபாய்க்குள் உள்ளூர் ஓவியர் ஒருவரின் அசல் படம் கிடைக்குமா, இல்லை பிரிண்ட் வாங்கித் திருப்திப்பட வேண்டியதுதானா?

கிடைக்கும். ஆனால் மூன்றடி நான்கடி கேன்வாஸ் கிடைக்காது, அதை இப்போதே மறந்துவிடுங்கள். அந்த அளவில் ஒரு கேன்வாஸுக்குச் சட்டம், துணி, பெயின்ட் என்று ஓவியருக்கே ஒரு நல்ல தொகை போய்விடும், அதற்கு மேல் அவருடைய வாரக்கணக்கான உழைப்பு. அந்த அளவில், அந்த விலைக்கு ஃபர்னிச்சர் கடையில் தொங்குவதெல்லாம் மெஷினில் பிரிண்ட் போட்ட கேன்வாஸ்தான், சிலவற்றில் கையால் தீட்டியதுபோல் தெரிய மேலே ஜெல் தடவியிருப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிரஷ் தடத்துக்கும் படத்தில் இருக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்து, அசல் ஒரு பக்கம், பிரிண்ட் இன்னொரு பக்கம் என்று நீங்கள் பிரித்திருப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஓவியர்கள் பிரிண்ட் என்று சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு. எட்சிங் என்று ஒன்று உண்டு. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் வரைவார்கள். தகட்டை ஆசிடில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். பிறகு பூச்சை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளங்களில் மையை அழுத்தி நிரப்பி, மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்து, ஈரமாக்கிய கனமான காகிதத்தை வைத்து உருளை பிரஸ்ஸில் விட்டு எடுக்க வேண்டும். அடுத்த தாளுக்கு மை பூசுவது, துடைப்பது எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இதில் ‘ஒரிஜினல்’ என்று வேறெங்கோ ஒரு படம் இருந்து அதை நகல் எடுக்கவில்லை. தகட்டில் வெறும் கீறல்தான் இருக்கிறது, படம் என்று ஒன்று பிறப்பதே தாளில்தான். ஆக ஒரு தகட்டிலிருந்து எடுக்கும் 20, 25 தாளும் அசல். லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் லினோகட், மரத்தில் செதுக்கும் உட்கட், கல்லில் வரையும் லித்தோகிராஃப், ஸ்கிரீன் பிரிண்டிங் (கல்யாணப் பத்திரிகைக்கும் திருப்பூர் டி-ஷர்ட்டுக்கும் போடுகிறார்களே, அதே முறைதான், ஓவியர் கையில் செரிகிராஃப் என்று பெயர் மாறிவிடும்) எல்லாம் இந்தக் குடும்பம். ஒரே படத்தின் விலை 25 பேருக்குப் பிரிந்துபோவதால் தனி ஓவியத்தைவிட மலிவு. உங்கள் பட்ஜெட்டுக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஓவியர் அக்ரிலிக்கிலோ ஐபேடிலோ வரைந்ததை ஸ்கேன் செய்து நல்ல காகிதத்தில் இங்க்ஜெட்டில் எடுத்துத் தருவது. ஜிக்ளே என்று பிரெஞ்சுப் பெயர் சொல்வார்கள், மிரள வேண்டாம். இதுவும் வாங்கத் தக்கதுதான், இளம் ஓவியர்களுக்கு இதில்தான் மாதச் செலவே ஓடுகிறது. ஆனால் இது நகல் என்று தெரிந்து, நகலுக்குரிய விலை கொடுத்து வாங்குங்கள். பிக்மென்ட் மையா, டை மையா என்று கேளுங்கள். பிக்மென்ட் என்றால் நிறம் நெடுநாள் நிற்கும், டை மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். காகிதம் பருத்திக் கூழில் செய்ததா என்றும் கேட்கலாம். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை.

எது எது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எட்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய பள்ளம் இருக்கும். கடைக்காரர் அனுமதித்தால் விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், மையை மட்டும் தொடாதீர்கள். படத்தின் கீழே பென்சிலில் 7/25 என்பதுபோல் ஓர் எண், தலைப்பு, கையெழுத்து இருக்கும். 25 தாள் எடுத்ததில் இது ஏழாவது என்று பொருள். ஏ/பி என்று இருந்தால் ஓவியர் தனக்கென எடுத்து வைத்துக்கொண்ட பிரதி. ஃபோனில் மேக்ரோ கேமரா இருந்தால் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், வரிசை வரிசையாக நீலமும் சிவப்பும் மஞ்சளும் புள்ளி வைத்திருந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது மெஷினில் அடித்த நகல், பென்சில் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. 1/25 தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. ட்ரைபாயின்ட் என்ற முறைக்கு மட்டும் விதிவிலக்கு, அதில் ஆசிட் இல்லாமல் தகட்டையே நேராகக் கீறுவார்கள், ஊசி கீறும்போது ஓரத்தில் எழும்பும் உலோகப் பிசிறுதான் மையைப் பிடித்து அந்தக் கோட்டுக்கு வெல்வெட் மாதிரி ஒரு மென்மையைத் தருகிறது, பிரஸ்ஸில் போகப் போகப் பிசிறு நசுங்கிவிடும், அதனால் முதலில் எடுத்த சில தாள்கள் நன்றாக இருக்கும்.

பிரிண்ட் என்றாலே மட்டம் என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், பாட்டி வீட்டுப் பூஜையறையை ஞாபகப்படுத்துங்கள். ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாய்ப் பக்கம் லித்தோகிராஃப் அச்சகம் தொடங்கித் தன் ஓவியங்களை அச்சடித்து விற்றதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனையை விட்டு நம் வீடுகளுக்கு வந்தார்கள். அப்புறம் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் காலண்டராக அச்சான சாமி படங்கள். அச்சுப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டி மாலை போடுவது நமக்குப் புதுப் பழக்கமே இல்லை. (அவையெல்லாம் நகல் வகைதான், அது வேறு விஷயம்.)

சரி, எங்கே போவது? நான் முதலில் அனுப்புவது எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது, மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி பின்னாளில் முதல்வராக இருந்த இடம். அங்கே படிப்பவர்களின் வேலைகளைக் கண்காட்சியாக வைக்கும் நாட்களில் போனால் விலைச்சீட்டே இல்லாத படங்கள்தான் அதிகம். பிடித்த படத்தை வரைந்த பிள்ளையை விசாரித்துக் கண்டுபிடித்துப் பேச வேண்டும். பலருக்கு விலை சொல்லவே கூச்சம். சின்ன லினோகட்டுகள் 1,000, 1,500 ரூபாயிலிருந்து நான் வாங்கியிருக்கிறேன், வாட்டர்கலர் அதற்குக் கொஞ்சம் மேலே. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, சொந்த ஊர் அந்தப் பக்கம் என்றால் ஒரு நடை எட்டிப் பாருங்கள்.

அடுத்தது கிரீம்ஸ் ரோட்டில் இருக்கும் லலித் கலா அகாடமி. கேலரியோடு ஓவியர்கள் வேலை செய்யும் ஸ்டுடியோக்களும் அங்கே உண்டு. அங்கே பெரும்பாலும் கண்காட்சி வைத்திருப்பவரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், மதியத்தில் போனால் ஆள் நடமாட்டம் குறைவு, சாவகாசமாகப் பேசலாம். சுவரில் இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. “சின்ன அளவில், காகிதத்தில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா” என்று கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஃபோல்டர் வெளியே வரும். பெரிய ஓவியத்துக்கு முன்னால் போட்டுப் பார்த்த ஸ்கெட்ச், இங்க் டிராயிங் எல்லாம் அதற்குள் இருக்கும். என் கருத்தில் பல ஓவியர்களின் உயிர்ப்பான வேலை அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது, சுவரில் இருப்பது விற்பதற்காகக் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்தது.

ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம். எழும்பூர் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு 1966-இல் உருவாக்கியது. பாடிக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்றே (எழும்பூர் கல்லூரியைச் சுற்றி உருவான நவீன ஓவியப் போக்கு) அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது, கண் பழக அதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. அங்குள்ள மூத்தவர்களின் கேன்வாஸ் உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது, ஆனாலும் காகித வேலைகள், சின்ன பிரிண்ட்டுகள் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

இன்ஸ்டாகிராமில் வாங்குவதாக இருந்தால் படத்தை யாராவது கையில் பிடித்திருப்பதுபோல் ஒரு ஃபோட்டோ கேளுங்கள், இல்லாவிட்டால் அளவு புரியாமல் ஏமாறுவீர்கள். சுருட்டி டியூபில் அனுப்புகிறாரா, அட்டை வைத்துத் தட்டையாகவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை பேசுவது பற்றி. தி.நகர் பழக்கத்தில் “லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள், அந்தத் தொகைக்குள் அவரிடம் வேறு எதாவது இருக்கும், அல்லது இரண்டு மூன்று தவணையில் கொடுங்கள் என்பார். ஃபிரேம் இல்லாமல் தந்தால் எவ்வளவு என்று கேட்பதும் நாகரிகமான வழிதான். கேலரியில் பார்த்த படத்தை, கேலரிக்குத் தெரியாமல் ஓவியர் வீட்டில் போய்க் குறைத்துக் கேட்பது மட்டும் வேண்டாம். கேலரிகள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கமிஷன் எடுப்பார்கள் என்பது உண்மைதான், அதற்காக அவருக்கும் கேலரிக்கும் நடுவில் நாம் சண்டை மூட்டக் கூடாது.

வாங்கும்போது ஒரு சீட்டில் தலைப்பு, முறை, அளவு, வருடம், எடிஷன் எண் (அந்த 7/25 தான்), கையெழுத்து வாங்கிவிடுங்கள். படம் உங்களுடையதாகிவிட்டாலும் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும், உங்கள் கடை கவரிலோ டி-ஷர்ட்டிலோ போட வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். பத்து வருடத்தில் விலை ஏறுமா என்று யோசித்து வாங்குவதாக இருந்தால் அந்தப் பணத்தை பேங்கில் போடுங்கள்.

இப்போது ஃபிரேம். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் கொடுத்தால் பழக்கதோஷத்தில் ஹார்ட்போர்டில் ஃபெவிகால் தடவிப் படத்தை ஒட்டிவிடுவார், அதோடு எட்சிங்கின் கதை முடிந்தது, அந்தத் தகட்டுப் பள்ளம்கூட ஓரங்களை வெட்டும்போது போய்விடும். ஒட்டக் கூடாது, ஓரம் வெட்டக் கூடாது, ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டுதான் (ஃபிரேமுக்குள் படத்தோடு வைக்கும் அட்டை) வேண்டும், கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி இருக்க வேண்டும் என்று நான்கையும் வாயால் சொல்லிவிட்டு, ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். நல்ல ஃபிரேமுக்குப் படத்தின் விலையே ஆகலாம், அதனால் உங்கள் 5,000-இல் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். பாத்ரூமை ஒட்டிய சுவர், மழைநீர் ஊறும் சுவர் இரண்டிலும் மாட்டாதீர்கள். ஃபிரேமின் பின்னால் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மாலை வெயில் நேராக விழும் இடமும் ஆகாது.

அவசரமில்லை என்றால் ஜனவரி வரை பொறுங்கள். பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குமாரகிருபா ரோட்டையே அடைத்து சித்ர சந்தை நடத்துகிறது, தமிழ்நாட்டு ஓவியர்களும் நிறையப் பேர் கடை போடுவார்கள், சில நூறு ரூபாயிலிருந்து லட்சம் வரை எல்லாம் தெருவோரத்தில் இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் நடக்க இடம் இருக்காது. கொஞ்சம் ரொக்கமும், படத்தைச் சுருட்டிக் கொண்டுவர ஒரு பிளாஸ்டிக் டியூபும் எடுத்துப் போங்கள். தேதி அறிவித்ததும் ரயில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள், பொங்கலை ஒட்டி வந்தால் கிடைக்காது.