இணைய முகவரிக்குத் தனி டைப் எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: முகவரி என்பது வெறும் எழுத்துச் சரம்தானே சார்? ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் (எல்ம், ஹாஸ்கெல் போன்ற நிரல்மொழிகளில் எழுதுபவர்கள்) ஏன் அதற்கொரு டைப் (தரவின் வகை) வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்கிறீர்கள்?

பதில்: சரமாக வந்து சேரட்டும், நிரலுக்குள் சரமாகவே உலவ விடக்கூடாது என்பது என் கட்சி. எல்ம் மொழியின் யூஆர்எல் (இணைய முகவரி) டைப்பில் ஆறு புலங்கள்: புரோட்டோகால், ஹோஸ்ட் (தளப்பெயர்), போர்ட் (இணைப்பு வாசலின் எண்), பாதை, வினவல் (கேள்விக்குறிக்குப் பின் வருவது), துணுக்கு (# குறிக்குப் பின் வருவது). புரோட்டோகாலுக்கு இரண்டே மதிப்புகள்: எச்டிடிபி, எச்டிடிபிஎஸ். போர்ட் இல்லாமலும் போகலாம், எனவே 'மேபி இன்ட்', அதாவது ஒரு முழு எண் அல்லது ஒன்றுமில்லை. 'https://' போன்ற முன்னொட்டு இல்லாத வெறும் தளப்பெயரை முகவரியாகக் கொடுத்தால் 'நத்திங்' (ஒன்றுமில்லை) கிடைக்கும். அப்போது என்ன செய்வது என்று நீங்கள் எழுதும்வரை கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) விடாது.

கேள்வி: வினவல் இல்லையென்றால் வெற்றுச் சரம் போதாதா?

பதில்: போதாது. கேள்விக்குறியே இல்லாத முகவரி வேறு, கேள்விக்குறியோடு முடியும் முகவரி வேறு. 2005-இல் வந்த, முகவரி அமைப்புக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 3986 இந்த வேறுபாட்டைக் காக்கிறது.

கேள்வி: எங்கள் தளத்தின் இணைப்புகளில் "%2520" என்று வருகிறது. எங்கிருந்து முளைக்கிறது?

பதில்: இருமுறை குறியாக்கியிருக்கிறீர்கள். முகவரியில் அப்படியே வைக்க முடியாத எழுத்தைச் சதவீதக் குறியோடு எழுதுவதுதான் குறியாக்கம். இடைவெளி முதலில் "%20" ஆகிறது. அதையே மறுபடி குறியாக்கினால் சதவீதக் குறி "%25" ஆகிவிடும். பின்னால் 20 ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சரத்தைப் பார்த்து அது குறியாக்கப்பட்டதா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் "%20" என்பதையே ஒருவர் தேடல் பெட்டியில் தட்டியிருக்கலாம். ஹாஸ்கெலில் குறியாக்கியதற்கும் குறியாக்காததற்கும் தனித்தனி நியூடைப் (சரத்தைப் போர்த்தி வேறு டைப்பாக்கும் உறை) கொடுங்கள். ஆளுக்கொரு வரிதான். இரண்டாம் முறை குறியாக்கும் வரி கம்பைலே ஆகாது. இன்னொன்று: பாதையைச் சாய்கோட்டில் பிரித்த பிறகே குறிநீக்குங்கள். வரிசை மாறினால், தனக்குள் குறியாக்கிய சாய்கோடு (%2F) உள்ள ஒரு பகுதி இரண்டாக உடைந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் நிரல் முழுக்க யூஆர்எல் டைப்பையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது வெளியுலகத்துக்கு. உங்கள் பக்கங்களுக்குச் சொந்தமாக ஒரு டைப் எழுதுங்கள்: முகப்பு, கட்டுரை (எண்), தேடல் (சொல்). அவ்வளவுதான். எண் இல்லாத கட்டுரைப் பக்கத்தை உருவாக்கவே வழியில்லை.

கேள்வி: புதுப் பக்கம் சேர்த்தால் விட்டுப்போன இடங்களையெல்லாம் கம்பைலர் காட்டிவிடும் அல்லவா?

பதில்: பாதி உண்மை. பக்கத்திலிருந்து முகவரி செய்யும் 'கேஸ்' பகுதியில் (ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் தனித்தனியாக வழி எழுதும் இடம்) விட்டுப்போனால் எல்ம் கண்டிப்பாகக் காட்டும். முகவரியைப் படித்து எந்தப் பக்கம் என்று கண்டறியும் பார்சரில் அப்படியில்லை. பார்சர் முயன்றுபார்க்கும் வழிகளைக் கொண்ட 'ஒன்ஆஃப்' பட்டியலில் சேர்க்க மறந்தால் சத்தமே இருக்காது, புதுப் பக்கம் "காணப்படவில்லை" என்று நிற்கும். இதற்கு டெஸ்ட்தான் வழி: எந்தப் பக்கத்தை எடுத்தாலும் முகவரியாக்கி, அதைப் பார்சரில் கொடுத்தால் அதே பக்கம் திரும்ப வர வேண்டும்.